படத்துக்கும் கைப்பக்குவம் உண்டு!

கொடைக்கானல், ஏற்காடு என்று குடும்பத்தோடு இரண்டு நாள் போய் வருகிறோம். குழந்தைகளைக் கட்டி மேய்ப்பதற்கு நடுவே, கிடைத்த நேரத்தில் செல்போனில் நாலு படமும் எடுத்து வருகிறோம். பாசி படர்ந்த பாறை, பனி உட்கார்ந்த புல், வயதான மரம், மரத்தைச் சுற்றிய கொடி... வீட்டுக்கு வந்து, அழுக்குத் துணியெல்லாம் ஊறப் போட்டுவிட்டு, ஆற அமர உட்கார்ந்து பார்த்தால் சப்பென்று ஆகிவிடுகிறது. "அட, நாம் பார்த்தது இதுவா?" என்று தோன்றுகிறது. பாறை சாம்பல் கட்டியாக இருக்கிறது. மரம் கறுப்புத் தூணாக நிற்கிறது. புல்லோ பச்சைப் பெயின்ட் அடித்த தரை மாதிரி!

உங்கள் கையில் தப்பு இல்லை. காமிராவின் மேலும் முழுப் பழியைப் போட முடியாது. நேரில் கண்ட அந்தச் சொரசொரப்பும் நெளிவும் பெரும்பாலும் படத்துக்குள்ளேயேதான் ஒளிந்து கிடக்கின்றன. அவற்றை வெளியே கொண்டுவரப் பத்து நிமிஷமும் கொஞ்சம் பொறுமையும் போதும். ஆனால் ஒன்று. இருப்பதை வெளியே கொண்டுவருவது வேறு, இல்லாததைக் கொண்டுவந்து ஒட்டுவது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், பாதி வித்தை கைவந்த மாதிரிதான்.

கண் பார்த்ததும் காமிரா பார்த்ததும்

பலாப்பழத் தோலைப் பார்க்கும்போதே விரல் நுனி குறுகுறுக்கிறது. வாழைத்தண்டைப் பார்த்தால் வழவழப்பு தெரிகிறது. பாகற்காயின் மேடு பள்ளம், முருங்கைப் பட்டையின் சொரசொரப்பு, வெற்றிலையின் நரம்பு எல்லாவற்றையும் கை தொடுவதற்கு முன்னால் கண் தொட்டுவிடுகிறது. இதைத்தான் ஆங்கிலத்தில் 'டெக்ஸ்சர்' என்கிறார்கள். நாம் இந்தக் கட்டுரையில் 'மேனி' என்று சொல்லிக்கொள்வோமே! மரத்தின் மேனி, பாறையின் மேனி, இலையின் மேனி.

நமக்கு இரண்டு கண்கள். இடது கண் காண்பதற்கும் வலது கண் காண்பதற்கும் மயிரிழை வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் எது மேடு, எது பள்ளம் என்று மூளை கணக்குப் போடுகிறது. போதாததற்கு நாம் தலையைச் சாய்த்துப் பார்க்கிறோம், கிட்டே போய்ப் பார்க்கிறோம். போட்டோவோ ஒரே இடத்தில் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்த பார்வை. அதில் மேடு பள்ளத்தைச் சொல்ல வெளிச்சமும் நிழலும் மட்டுமே மிச்சம்.

இன்னொரு சங்கதியும் உண்டு. வெளிச்சம் மங்கலான இடத்தில் எடுத்தால் படத்தில் மணல் தூவின மாதிரி புள்ளி விழும். அதைத் துடைப்பதற்காகச் செல்போன் தானாகவே படத்துக்கு ஒரு மெழுகு போட்டுவிடுகிறது. புள்ளியோடு சேர்ந்து பாசியின் இழையும் புல்லின் ரோமமும் துடைபட்டுப் போகின்றன. அப்படிப் போனது போனதுதான். எந்த எடிட்டிங்கும் அதைத் திருப்பித் தராது. அதனால், படம் எடுக்கும்போதே கொஞ்சம் கவனம் வேண்டும்.

முதல் எடிட்டர் சூரியன்தான்!

அரிசியில் கல் பொறுக்கும்போது என்ன செய்கிறோம்? முறத்தை வெளிச்சத்தின் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்க்கிறோம். வீட்டைப் பளிச்சென்று பெருக்கிவிட்டோம் என்று நினைத்திருப்போம். வாசல் வழியே சாய்வாக வெயில் விழும்போது பார்த்தால், ஒவ்வொரு தூசியும் தன் நிழலைக் கூட்டிக்கொண்டு நிற்கும்! விஷயம் இவ்வளவுதான். வெளிச்சம் பக்கவாட்டில் தடவிக்கொண்டு போனால் மேட்டின் ஒரு பக்கம் மின்னும், மறுபக்கம் நிழல் விழும். மேனி தெரியும்.

காமிராவோடு ஒட்டியிருக்கும் பிளாஷ் இதற்கு நேர் எதிரி. அது எதிரே நின்று அடிப்பதால் நிழல் எல்லாம் பொருளுக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொள்ளும். படம் அப்பளம் மாதிரி தட்டையாகிவிடும். ஆகவே மரம், பாறை, மணல், கோலம் இவற்றை எல்லாம் காலை வெயில் ஏறுவதற்கு முன்போ, மாலை வெயில் சாய்ந்த பிறகோ எடுங்கள். பூவிதழ், பெரணி, பாசி போன்ற மெல்லிய பொருள்களுக்கு மேகம் மூடிய நாள்தான் அழகு. உச்சி வெயில் அவற்றின் மேல் வெள்ளைத் திட்டாக விழுந்து நிறத்தையே தின்றுவிடும்.

எடுப்பதற்கு முன் லென்சை ஒரு மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். அடுக்களையிலிருந்து பாதித் தாளிப்பில் ஓடிவந்து போனை எடுக்கிறவர்கள் நாம். லென்சில் எண்ணெய்க் கை பட்டிருந்தால் படம் முழுவதும் புகை மூட்டமாகத்தான் விழும். விரலால் திரையை விரித்துப் பெரிதாக்கி எடுக்க வேண்டாம். கிட்டே போய் எடுங்கள். எந்த இடம் கூர்மையாக விழ வேண்டுமோ, அந்த இடத்தைத் திரையில் ஒரு தடவை தொட்டுவிட்டு எடுங்கள்.

இது நேற்றைய வித்தை அல்ல

"படத்தைத் திருத்துவதே ஏமாற்று வேலை இல்லையா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் போட்டோக் கலை என்று ஒன்று பிறந்த நாளிலிருந்தே இந்தக் கைவேலையும் கூடவே இருக்கிறது.

பழைய ஸ்டூடியோக்களை நினைத்துப் பாருங்கள். இருட்டறையில் சிவப்பு விளக்கு எரியும். என்லார்ஜரிலிருந்து வெளிச்சம் நெகட்டிவ் வழியாக இறங்கிக் காகிதத்தில் விழும். கம்பி முனையில் ஒட்டிய சின்ன அட்டையை நடுவே ஆட்டிக்கொண்டிருப்பார் ஸ்டூடியோக்காரர். அட்டையின் நிழல் விழுந்த இடம் படத்தில் கொஞ்சம் வெளுப்பாக வரும். இதற்குப் பெயர் 'டாட்ஜிங்'. வேறோர் இடத்துக்கு மட்டும் கைகளைக் குவித்துக் கூடுதலாக வெளிச்சம் விடுவார். அந்த இடம் அழுத்தமாகக் கறுக்கும். இது 'பர்னிங்'. இன்றைக்குச் செல்போனில் நாம் விரலால் செய்கிற வேலையின் பாட்டனார் இவர்தான்!

அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கைப் படம் எடுத்துப் புகழ்பெற்ற ஆன்சல் ஆடம்ஸ் (1902-1984) இந்த இருட்டறை வேலையில் மன்னர். இளமையில் பியானோ கற்றவர். நெகட்டிவ் என்பது இசைக்குறிப்பு, அதிலிருந்து பிரின்ட் போடுவது கச்சேரி என்பது அவருடைய கொள்கை. 1941-ல் நியூ மெக்ஸிகோவில் ஒரு சின்னக் கிராமத்தின் மேல் நிலவு எழும் காட்சியை எடுத்தார். அந்த ஒரே நெகட்டிவிலிருந்து தம் வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரின்டுகள் போட்டார். ஆரம்பப் பிரின்டுகளில் வானத்தில் வெளிறிய மேகங்கள் தெரியும். பிந்தியவற்றில் வானம் கன்னங்கறேல் என்றிருக்கும். காட்சி ஒன்றுதான், கைப்பக்குவம் வேறு.

எட்வர்ட் வெஸ்டன் என்ற இன்னொரு அமெரிக்கர் படம் தேடி மலைக்குக்கூடப் போகவில்லை. 1930-ல் ஒரு குடமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்துப் படம் எடுத்தார். புனலின் உட்புறத்தில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் மிளகாயைச் சுற்றி வழிந்தது. உலகப் புகழ் பெற்றுவிட்டது அந்தப் படம். அடுத்த வருஷம் ஒரு முட்டைக்கோஸ் இலையை எடுத்தார். அதன் நரம்புகளைப் பார்த்தால் பட்டுப்புடவையின் மடிப்பு மாதிரி இருக்கும். காய்கறிக் கூடையில் இத்தனை அழகா என்று தோன்றுகிறதல்லவா? உங்கள் கூடையிலும் இருக்கிறது!

நம் நாட்டுக்கு வருவோம். தமிழ் நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன் (1912-1996) காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துத் தள்ளியவர். காமிராவின் உடல் ஒரு கம்பெனி, லென்ஸ் வேறொரு கம்பெனி, மிச்சச் சாமான் வீட்டிலேயே செய்தது என்று ஒப்பேற்றி, அதற்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். யானையின் மேனிச் சுருக்கத்தைக் காட்ட வண்ணம் தேவையே இல்லை என்பதற்கு அவர் படங்கள் சாட்சி.

சல்லடைக் கணக்கு

சரி, எடிட்டிங்குக்கு வருவோம். இலவசமாகக் கிடைக்கும் 'ஸ்னாப்சீட்' ஆப்பில் 'டீடெயில்ஸ்' என்ற இடத்தில் 'ஸ்ட்ரக்சர்', 'ஷார்ப்னிங்' என்று இரண்டு இருக்கும். 'லைட்ரூம்' ஆப்பில் 'டெக்ஸ்சர்', 'கிளாரிட்டி', 'டீஹேஸ்', 'ஷார்ப்னிங்' என்று இன்னும் பல. (லைட்ரூமில் சில வசதிகளுக்குப் பணம் கேட்பார்கள். பணம் கட்டாமலே இந்தக் கட்டுரையில் சொல்வதில் பெரும்பாலானவற்றைச் செய்யலாம்.) பெயர்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். சல்லடையை நினைத்துக்கொள்ளுங்கள். விளங்கிவிடும்.

அரைத்த மாவைச் சலித்தால் நைஸ் மாவு, ரவை, குருணை என்று தனித்தனியாகப் பிரிகிறதல்லவா? படத்தில் இருக்கும் விவரங்களும் அப்படித்தான். ரோமம், இலையின் ஓர விளிம்பு போன்றவை நைஸ் மாவு. 'ஷார்ப்னிங்' அந்த மெல்லிய விளிம்புகளைத் தீட்டுகிறது. மரப்பட்டையின் வெடிப்பு, இலை நரம்பு, பாறையின் புள்ளி இவை ரவை. 'டெக்ஸ்சர்' தூக்கிக் காட்டுவது இவற்றைத்தான். மேகத்தின் திரட்சி, மலையின் மடிப்பு போன்றவை குருணை. 'கிளாரிட்டி' அங்கே வேலை செய்கிறது. 'ஸ்ட்ரக்சர்' ஏறக்குறைய ரவைக்கும் குருணைக்கும் நடுவே. 'டீஹேஸ்' என்பது தூர மலையை மூடியிருக்கும் புகைமூட்டத்தை விலக்குவது.

இதில் ஒரு சுவையான கதை கேளுங்கள். லைட்ரூமில் 'டெக்ஸ்சர்' வந்தது 2019 மே மாதத்தில். அதை உருவாக்கியவர்கள் முதலில் இறங்கியது முகத்தின் தோலை மழமழப்பாக்கும் வேலையில்! மனிதத் தோலின் மேடு பள்ளத்தை அடையாளம் கண்டு குறைக்கத் தெரிந்தால், அதே வழியில் கூட்டவும் முடியுமே என்று பிறகு கண்டுகொண்டார்கள். அதனால்தான் அந்தக் கோட்டைப் பூஜ்யத்துக்கு இடது பக்கம் இழுத்தால் மேனி வழுவழுப்பாகிறது, வலது பக்கம் இழுத்தால் சொரசொரப்பு கூடுகிறது. முகத்தில் எதை மறைக்க ஆசைப்படுகிறோமோ, மரத்தில் அதையேதான் தேடிப் போகிறோம்!

செய்முறை

1. அசல் படம்: வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் கை வைக்காதீர்கள். அனுப்பும்போதே அது சுருங்கி, நுணுக்கம் எல்லாம் போயிருக்கும். எடுத்த போனிலேயே செய்யுங்கள். யாரிடமாவது வாங்க வேண்டுமானால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். திருத்தியதைப் புதுப் பிரதியாகச் சேமியுங்கள். அசல் அப்படியே இருக்கட்டும்.

2. திரை வெளிச்சம்: குழந்தை தூங்கிய பிறகு இருட்டறையில் படுத்துக்கொண்டு எடிட் செய்யாதீர்கள். இருட்டில் திரை கண்ணைக் கூசுவதால் படத்தை வேண்டியதற்கு மேல் கறுப்பாக்கிவிடுவோம். கண்ணுக்கும் சிரமம். பகலில், திரையின் வெளிச்சத்தை நடுத்தரமாக வைத்துப் பாருங்கள். இரவுக்காகத் திரையை மஞ்சளாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். 20 நிமிஷத்துக்கு ஒரு தரம் தலையை நிமிர்த்தி, 20 அடி தூரத்தில் இருப்பதை 20 விநாடி பார்த்துக் கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள்.

3. முதலில் வெளிச்சம்: 'ஹைலைட்ஸ்' கோட்டை 20, 30 அளவுக்குக் குறையுங்கள். வெளுத்துப் போன இடங்களில் விவரம் திரும்பி வரும். 'ஷேடோஸ்' கோட்டை 10, 15 ஏற்றுங்கள். இருட்டுக்குள் இருக்கும் வேர் தெரியும். நிழலை அடியோடு விரட்டிவிடாதீர்கள். நிழல் இல்லாவிட்டால் மேனியே இல்லை!

4. பிறகு மேனி: 'டெக்ஸ்சர்' அல்லது 'ஸ்ட்ரக்சர்' கோடு 100 வரை போகும். 15-லிருந்து 25-க்குள் நிறுத்துங்கள். 'கிளாரிட்டி' வேண்டுமானால் 5, 10. 'டீஹேஸ்' தூர மலைக்கு மட்டும் கொஞ்சம். பனிமூட்டமே அழகாக இருந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

5. எல்லா இடத்துக்கும் அல்ல: மரத்துக்குத்தான் சொரசொரப்பு. பின்னால் இருக்கும் வானத்துக்கு எதற்கு? ஸ்னாப்சீட்டில் 'செலெக்டிவ்' என்று உண்டு. வேண்டிய இடத்தில் புள்ளி வைத்து, வட்டத்தைச் சிறிதாக்கி, அங்கே மட்டும் 'ஸ்ட்ரக்சர்' ஏற்றலாம். பின்னணி மெத்தென்று இருந்தால்தான் முன்னால் இருப்பது எடுத்துக் காட்டும். எல்லாரும் காஞ்சிப் பட்டு கட்டிக்கொண்டு வந்தால் கல்யாணப் பெண்ணை எங்கே தேடுவது?

6. கடைசியில் 'ஷார்ப்னிங்': அதுவும் 10, 15 போதும். ஆட்டம் கண்டு கலங்கிப் போன படத்தை இது காப்பாற்றாது.

7. ஆறவிடுங்கள்: இதுதான் முக்கியம். சுடச்சுடப் பார்த்தால் கண் பழகிவிடும். சாம்பாரை ருசி பார்த்துப் பார்த்து நாக்கு மரத்துப் போவதில்லையா, அது போல. போனை வைத்துவிட்டு, மறுநாள் காலையில் எடுத்துப் பாருங்கள். அசலையும் திருத்தியதையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். "என்னவோ செய்திருக்கிறது" என்று பளிச்சென்று தெரிந்தால், எல்லாக் கோட்டையும் பாதியாகக் குறையுங்கள்.

எதற்கு எவ்வளவு?

வேம்பு, புளி, பனை போன்ற மரங்களின் பட்டை, கருங்கல் பாறை: இவை தாங்கும். 25, 30 வரை கூடப் போகலாம்.

வாழையிலை, அரசிலை, வெற்றிலை: 15 போதும். இலைக்குப் பின்னால் வெயில் இருக்கும்படி எடுத்தால், நரம்பு தானாகவே தெரியும். பாதி வேலை மிச்சம்.

செம்பருத்தி, ரோஜா, தாமரை: பூ மென்மைக்குப் பெயர் போனது. இதழில் 5-க்கு மேல் ஏற்றாதீர்கள். நடுவில் இருக்கும் மகரந்தத் தண்டில் மட்டும் 'செலெக்டிவ்' வைத்து ஏற்றினால் அற்புதமாக இருக்கும்.

குருவி, மைனா, மயில்: இறகில் 10, 15. கண்ணில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் கூட்டுங்கள். இறகு கம்பி மாதிரி விறைத்தால் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம்.

அருவி, ஓடை: தண்ணீரை விட்டுவிடுங்கள். அதைச் சுற்றியுள்ள ஈரப் பாறைக்கு மட்டும் மேனி கூட்டுங்கள். தண்ணீரின் ஓட்டம் தன்னால் தெரியும்.

வானம்: மேகம் திரண்டிருந்தால் 'கிளாரிட்டி' துளி. வெறும் நீல வானத்தில் ஒன்றும் செய்யாதீர்கள். புள்ளி புள்ளியாக வந்துவிடும்.

நிறம் தொந்தரவு செய்கிறது, ஆனால் மேனி நன்றாக விழுந்திருக்கிறது என்றால், கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். வறண்ட ஏரியின் வெடிப்பு, பனை மட்டை, பாட்டி வீட்டுக் கிணற்றுச் சுவர், இவையெல்லாம் கறுப்பு வெள்ளையில் உயிர் பெற்றுவிடும்.

மிஞ்சிவிட்டதா? கண்டுபிடிக்க அடையாளங்கள்

கூட ஒரு சிட்டிகை உப்பு விழுந்தால் குழம்பைக் காப்பாற்ற வழி தேடலாம். கொட்டிவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை. படத்தில் உப்பு கரிப்பதற்கு அடையாளங்கள் இவை:

மரம் வானத்தைத் தொடும் ஓரத்தில் வெள்ளைக் கோடு, சாமி படத்து ஒளிவட்டம் மாதிரி தெரியும். இலைகள் கசக்கிய ஜிகினாத் தாள் போலத் தோன்றும். நிழல் இருந்த இடம் அழுக்குச் சாம்பலாக மாறும். எல்லாமே சமமாக உரத்துப் பேசும். கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் தவிக்கும். இதில் ஒன்று தெரிந்தாலும் பின்வாங்குங்கள். பார்க்கிறவர்கள் "என்ன மரம் இது!" என்று கேட்க வேண்டும். "என்ன ஆப் இது?" என்று கேட்டால் நாம் தோற்றோம்.

கை வைக்கவே கூடாத படங்கள்

இந்தப் பகுதியை இளம் தாய்மார்கள் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள்.

குழந்தைக்கு உடம்பில் தடிப்பு, கொப்புளம், சிவப்பு ஏதாவது வந்தால், இப்போதெல்லாம் முதலில் டாக்டருக்குப் படம் அனுப்பிவிடுகிறோம். அந்தப் படத்தில் எடிட்டிங் கூடவே கூடாது. 'டெக்ஸ்சர்' ஏற்றினால் சாதாரண வேர்க்குரு கூடப் பயங்கரமாகத் தெரியும். அழகு கூட்டும் 'பியூட்டி' வசதி தெரியாமல் இயங்கிக்கொண்டிருந்தால், கவனிக்க வேண்டிய தடிப்பே மறைந்து போகும். இரண்டுமே டாக்டரைத் தவறான வழிக்கு இழுக்கும். 'பியூட்டி', 'பில்டர்' எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஜன்னல் ஓரப் பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், கிட்டே ஒன்று, தள்ளி நின்று ஒன்று எடுங்கள். அளவு தெரிய ஓரமாக ஒரு ஸ்கேல் வையுங்கள். தடிப்போடு காய்ச்சல், மூச்சுத் திணறல், முகம் வீங்குதல், குழந்தை துவண்டு கிடத்தல் எதுவாவது இருந்தால் படம் எடுத்துக்கொண்டே நிற்க வேண்டாம். நேரே மருத்துவமனைதான்.

மாடித் தோட்டத்துத் தக்காளிச் செடியில் இலை சுருண்டு, புள்ளி விழுந்து, யாரிடமாவது யோசனை கேட்கப் படம் அனுப்பினாலும் இதே விதிதான். இலையின் மேல்புறம், அடிப்புறம் இரண்டையும் எடுத்து, நிறத்தை மாற்றாமல் அனுப்புங்கள். மஞ்சள் கொஞ்சம் கூடினாலே நோயின் பெயர் மாறிவிடும்!

பள்ளிக்கூடத்து இயற்கை ஆல்பத்துக்காகக் குழந்தை எடுத்த படத்தில், அழகுக்காக ஒரு வண்ணத்துப்பூச்சியைக் கொண்டுவந்து ஒட்டலாமா? இன்றைய போன்களில் இது விரல் சொடுக்கும் வேலை. இல்லாத பறவையை வரைந்து தரவும், இருக்கும் மின்கம்பியை அழித்துத் தரவும் வசதி வந்துவிட்டது. ஆனால் குழந்தை கற்றுக்கொள்ள வேண்டியது இருப்பதை உற்றுப் பார்க்க. இல்லாததைச் சேர்க்க அல்ல. பெரியவர்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். 'நேஷனல் ஜியாக்ரபிக்' பத்திரிகை 1982 பிப்ரவரி இதழின் அட்டையில், படம் நெட்டுக்குத்தாக அடங்க வேண்டும் என்பதற்காக எகிப்தின் பிரமிடுகளைக் கம்ப்யூட்டரில் நெருக்கி வைத்தது. நூற்றாண்டுகளாக அசையாத பிரமிடை நகர்த்திவிட்டார்களே என்று பெரிய சர்ச்சையே நடந்தது. நம்பிக்கை என்பது கண்ணாடிப் பாத்திரம். விரிசல் விட்டால் விட்டதுதான்.

கடைசியாக ஒன்று. தோப்பில் குழந்தையை நிறுத்தி எடுத்த படமா? மரத்துக்கு மட்டும் மேனி கூட்டுங்கள். குழந்தையின் கன்னத்தில் வேண்டாம். பாட்டி கூட நிற்கிறாரா? அவர் முகச் சுருக்கத்தைக் கூட்டவும் வேண்டாம், மழமழவென்று துடைக்கவும் வேண்டாம். அந்தச் சுருக்கம் அவருடைய சொத்து.

சுவரில் மாட்டலாமே!

நன்றாக வந்த ஒன்றிரண்டைப் பிரின்ட் போடுங்கள். போனுக்குள்ளேயே கிடந்தால் ஆயிரத்தோடு ஆயிரத்தொன்று. தெளிவான பிரின்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பது கணக்கு. 8-க்கு 10 அங்குலப் படத்துக்கு 2400-க்கு 3000 புள்ளி ஆகிறது. 12 மெகாபிக்சல் போனில் எடுத்த படம் ஏறக்குறைய 3000-க்கு 4000 புள்ளி இருக்கும். ஆகவே தாராளமாகப் போதும். படத்தை வெட்டிச் சிறிதாக்கியிருந்தால் மட்டும் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரை தானே ஒளிர்வது, காகிதம் அப்படி அல்ல. அதனால் பிரின்டில் படம் கொஞ்சம் கறுத்துத்தான் வரும். அனுப்புமுன் வெளிச்சத்தை ஒரு துளி கூட்டுங்கள். பளபளப்பான 'கிளாஸி' காகிதத்தில் கறுப்பு ஆழமாக விழும், மேனி தூக்கலாகத் தெரியும். ஆனால் டியூப்லைட் பட்டால் கண் கூசும். 'மேட்' காகிதத்தில் சற்று அடக்கமாக வரும். கூடத்துச் சுவருக்கு அதுதான் ஏற்றது. நேர் வெயில் படுகிற சுவரில் மட்டும் மாட்டாதீர்கள். நாளடைவில் நிறம் வெளுத்துப் போகும்.

படி இறங்க முடியாமல் வீட்டோடு இருக்கும் பெரியவர்கள் பல வீடுகளில் உண்டு. அவர்கள் கட்டிலிலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு படத்தை மாட்டிப் பாருங்கள். ஊர்க் குளத்தங்கரை அரசமரமோ, தோட்டத்துப் பலாமரமோ, அவர்கள் கைபட வளர்த்த முல்லைக் கொடியோ எதுவாகவும் இருக்கலாம். பட்டையின் வெடிப்பும் இலையின் நரம்பும் உள்ளது உள்ளபடி தெரிந்தால், பேச்சு தானாகக் கிளம்பும். எந்தக் கிளையில் ஊஞ்சல் கட்டினார்கள், யார் விழுந்து கையை உடைத்துக்கொண்டார்கள் என்று நாம் கேட்டிராத கதைகள் எல்லாம் வரும். மரத்தை வேறு மரமாக மாற்றிவிட்டோமானால் இந்தப் பேச்சு வராது. "இது நம்ம மரம் இல்லையே" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

நாளைக் காலையில் வேலை ஓய்ந்ததும் கொல்லைப் பக்கம் போய், ஒரே ஒரு இலையையோ மரப்பட்டையையோ சாய்வெயிலில் எடுத்துப் பாருங்கள். ஒரு கோட்டை 15 வரைக்கும் இழுங்கள். பிறகு ஆறவிடுங்கள். அளவு தெரிந்து சமைக்கிற உங்களுக்கு, இந்த அளவும் சீக்கிரமே கைவந்துவிடும்.